சைலன்சர் வெடிச்சத்தம் (பார்க்டேல், ரொறன்ரோ)

ஓடும் காரின் அக்சிலரேற்றரில் இருந்து ஓட்டுநர் காலை எடுத்த கணத்தில், பின்பக்கக் குழாயில் இருந்து சரவெடி போலப் படபடவென்று எழும் ஒலியே சைலன்சர் வெடிச்சத்தம். எஞ்சினுக்குள் எரிந்து முடிந்திருக்க வேண்டிய பெற்றோல், வெளியேறும் வழியில் குழாய்க்குள் எரிவதால் இது உண்டாகிறது. கார் சீறிப் பாயும்போது கேட்பதைவிட வேகம் தணியும்போதுதான் இது பெரிதாகக் கேட்கும். இதை எஞ்சின் வலுவுக்கு அடையாளமாகக் கொள்வோர் பலர். உண்மையில், அந்த நேரத்தில் குழாயில் எரியும் பெற்றோல் சக்கரத்தை அரை அங்குலம்கூடத் தள்ளுவதில்லை.

பார்க்டேலில் ஏன் அதிகம் கேட்கிறது

பார்க்டேல் ரொறன்ரோவின் மேற்குப் பகுதியில், ஒன்ராறியோ ஏரியை ஒட்டி உள்ள குடியிருப்பு. 1879இல் தனிக் கிராமமாகி, 1889இல் நகரோடு சேர்ந்தது. கார்டினர் நெடுஞ்சாலையின் முதல் பகுதி, ஹம்பர் ஆற்றுப் பக்கமிருந்து ஜேமிசன் அவென்யூ வரை, 1958இல் திறக்கப்பட்டது. 1922இல் தொடங்கிய சனிசைட் பொழுதுபோக்குப் பூங்கா அதற்காக 1955இல் இடிக்கப்பட்டது. ஊருக்கும் ஏரிக்கும் நடுவே நெடுஞ்சாலை விழுந்தது. பெரிய தனி வீடுகள் இருந்த ஜேமிசனில் அடுக்குமாடிகள் வரிசையாக எழுந்தன. 1980களிலும் 1990களிலும் இலங்கையில் இருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல கனடா வாழ்க்கையைத் தொடங்கியது இந்த அடுக்குமாடிகளில்தான். பிறகு திபெத்தியர் பெருமளவில் வந்தார்கள். போர் நடந்த ஊரில் இருந்து வந்தவர்களுக்கு இரவு பதினொரு மணிக்கு வீதியில் கேட்கும் படபடப்பு விளையாட்டாகத் தோன்றாது. புகார் சொல்வோரைச் சகிப்பில்லாதவர்கள் என்று ஒதுக்குமுன் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கார்டினரில் மணிக்கு 90 கிலோமீற்றரில் வரும் கார், ஜேமிசன் பக்கம் இறங்கியதும் சில நூறு மீற்றருக்குள் சிக்னலுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டும். இருபுறமும் செங்கல் அடுக்குமாடிகள். ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. வடக்கே குயின் வீதியில் வேறு காரணம்: அங்கே 501ஆம் இலக்க ஸ்ட்ரீட்கார் வீதியின் நடுவில் ஓடுகிறது. அது நின்று கதவைத் திறந்தால், பின்னால் வரும் வாகனம் கதவுக்கு இரண்டு மீற்றராவது பின்னால் நிற்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். ஆகவே தரிப்புக்குத் தரிப்பு காலை எடுப்பதும் மிதிப்பதுமாகவே ஓட்ட வேண்டியிருக்கிறது. வெடிச்சத்தத்துக்கென்றே அமைத்த வீதி என்று சொன்னாலும் தகும்.

கிழக்கே அடுத்திருக்கும் எக்ஸிபிஷன் பிளேஸில் 1986இல் தொடங்கி, 2025 வரை அங்கே நடந்த இண்டி கார்ப் பந்தயத்தின் முதல் வெற்றியாளர் பாபி ரஹால். ஏறத்தாழ 2.87 கிலோமீற்றர் நீளமான அந்த வீதிச் சுற்றில், லேக் ஷோர் வீதியின் நீண்ட நேர்கோட்டில் மேற்கு நோக்கிப் பாயும் கார்கள், பார்க்டேல் பக்கத்து முனையில் மூன்றாம் வளைவுக்காகக் கடுமையாகப் பிரேக் போட்டுக் கியரைக் குறைத்தன. ஊர்க்காரர் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பழகிய ஒலி அது. சாதாரண வீதிக் காரில் அதே ஒலி எப்படி வந்தது என்பது வேறு கதை.

அந்த ஒரு நொடி

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய 133 முறை தீப்பொறி விழுகிறது. வழக்கமாக, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே பொறி விழும்; அப்போதுதான் எரிதலின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும் வேளையோடு பொருந்தும். காலை எடுத்ததும் காற்று புகும் வாயிலின் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் போகும் காற்று மிகக் குறைந்து, முன்சுற்றில் எரிந்த வாயுவே கூடுதலாக மிஞ்சுகிறது. இந்த நிலையில் கலவை சரியாகப் பற்றாது.

பெற்றோலைக் காற்றோடு கலந்துவிடும் காபரேற்றர் இருந்த காலத்தில் இதுவே வெடிச்சத்தத்துக்கு முதற்காரணம். மூடிய தகட்டுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம் பெற்றோலைத் தொடர்ந்து உறிஞ்சும். அது பாதி எரிந்தும் எரியாமலும் சூடான குழாய்க்குள் போய், அங்கே காற்றோடு கலந்து வெடிக்கும். காரின் கணினி பெற்றோலை அளந்து தெளிக்கத் தொடங்கியதும் இது மறைந்தது. கால் எடுத்தவுடன் கணினி பெற்றோலை முற்றாக நிறுத்திவிடும். சுற்று மிகக் குறைந்து எஞ்சின் நிற்கப்போகும் கட்டத்தில்தான் மறுபடி விடும். அதாவது, ஒழுங்காக இயங்கும் இன்றைய கார் வேகம் குறையும்போது பெற்றோல் குடிப்பதே இல்லை.

இன்று கேட்கும் படபடப்பு, அந்தச் சிக்கனத்தை வேண்டுமென்றே கைவிடுவதால் வருவது. கணினி பெற்றோலை நிறுத்தாமல் தெளித்துக்கொண்டே, தீப்பொறியை மட்டும் பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகு விழவைக்கிறது. கலவை எரிந்து முடியுமுன்னே வெளியேற்றும் வால்வு திறந்துவிட, சுவாலை குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எரிதல் ஒரே மாதிரி இராது என்பதால்தான் ஒலியும் சீரான தாளமாக இல்லாமல் தெறித்துத் தெறித்து வருகிறது.

பந்தயத்தில் இருந்து விற்பனைக்கூடத்துக்கு

பந்தயத்தில் இதற்கு ஒரு தேவை இருந்தது. வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ உள்ள எஞ்சினில் காலை எடுத்தால் டர்போவின் சுழற்சி தளரும். மறுபடி மிதித்ததும் வலு வரச் சற்றுத் தாமதமாகும். 1990களின் உலக ராலிக் கார்கள், வளைவுக்குள்ளும் டர்போ சுழன்றுகொண்டிருப்பதற்காகக் குழாய்க்குள் பெற்றோலை எரித்தன. வெடிச்சத்தம் அதன் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவை மட்டும் பிரித்தெடுத்து விற்கத் தொடங்கியவை கார் நிறுவனங்கள். 2013இல் வந்த ஜாகுவார் எஃப்-டைப் இதற்காகவே பேசப்பட்டது; மெர்சிடிஸின் ஏஎம்ஜி வகைகளும் ஹூண்டாயின் எலன்ட்ரா என் போன்ற காரும் ஒரு பொத்தானை அழுத்தினால் படபடக்கும். ஐரோப்பாவில் 2018 முதல் பெற்றோல் கார்களிலும் நுண்துகள் வடிகட்டி பரவலாகி ஒலி அடங்கியது. வட அமெரிக்கக் கார்களில் பொதுவாக அந்த வடிகட்டி இல்லாததால், ஒரே கார் ஜேமிசனில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டைவிட உரக்கவே பேசும்.

நிறுவனம் வைத்ததற்கு ஓர் எல்லை உண்டு. கடையில் கணினிப் பதிவை மாற்றி ஏற்றப்படும் ‘பொப்ஸ் அன் பாங்ஸ்’ அந்த எல்லையைப் பார்ப்பதில்லை. அடி விழுவது பெரும்பாலும் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு. அதன் உள்ளே தேன்கூடு வடிவில் பீங்கான் கட்டி இருக்கிறது. எரியாத பெற்றோல் அங்கே போய் எரிந்தால் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைக் கடக்கலாம். மேலே பூசிய பிளாட்டினம் வகை உலோகங்கள் செயலிழக்கும், கடைசியில் பீங்கானே உருகி வழியை அடைத்துவிடும். அது தொல்லை என்று கழற்றி எறிவோரும் உண்டு, அது சட்டவிரோதம். ஆனால் ஒன்ராறியோ 2019 ஏப்ரல் 1 முதல் சாதாரண கார்களுக்கான புகைப் பரிசோதனையை நிறுத்திவிட்டதால், கழற்றியது எளிதில் வெளிப்படாது.

சட்டம்

ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒழுங்காக வேலை செய்யும் சைலன்சர் எல்லா வாகனத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. தேவையற்ற ஒலி எழுப்புவதையும் தடுக்கிறது. ரொறன்ரோவின் ஒலி விதி (மாநகரச் சட்டத்தொகுப்பின் 591ஆம் அத்தியாயம்) 2019 ஒக்ரோபரில் திருத்தப்பட்டபோது, நிற்கும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சும்மா ஓடுகையில் குழாய்க்கு 50 சென்ரிமீற்றர் தொலைவில் 92 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தது. கார்களுக்கும் இத்தகைய அளவு 2024இல் வந்தது.

குறை இங்கேதான். நிற்கும் காரை அளக்கிறது விதி. வெடிச்சத்தமோ பெரும்பாலும் ஓடும் கார் கியரில் இருந்தபடி வேகம் குறையும்போது பிறப்பது. மாநகர விதி அலுவலருக்கு ஓடும் வாகனத்தை மறிக்கும் அதிகாரமும் இல்லை. பொலிஸ் உடன் இருக்க வேண்டும். ஓடும் வாகனத்தையே அளப்பதற்காகப் பாரிஸ் 2022இல் வீதியோரத்தில் ஒலி ரேடார்களை வைத்துச் சோதிக்கத் தொடங்கியது. எது கத்தியது என்பதைப் பல ஒலிவாங்கிகளால் திசை பிரித்துக் கண்டுபிடிக்கும் கருவி அது. நிறுவனம் வைத்த ஒலிதானே என்ற வாதமும் எப்போதும் எடுபடுவதில்லை: 2023இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில், எந்த மாற்றமும் செய்யாத எலன்ட்ரா என் காருக்கே பொலிஸ் குற்றச்சீட்டு எழுதியது.

பழுதால் வரும் சத்தம்

படபடக்கும் கார் எல்லாம் பந்தய மோகம் கொண்டதல்ல. ரொறன்ரோவில் குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புப் போடுகிறார்கள். அது குழாய்ப் பொருத்துகளை அரித்துத் துளையாக்கும். அந்தத் துளை வழியே வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, மிச்சமிருக்கும் பெற்றோல் பற்றிக்கொள்ள வழிசெய்யும். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது டிக் டிக்கென்ற சத்தமும், பொருத்தின் ஓரத்தில் கரிப் படிவும் இதற்கு அடையாளம். ஒரு காஸ்கெட்டை மாற்றினால் பெரும்பாலும் தீரும். தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் கொயில் ஆகியவற்றாலும் இதே சத்தம் வரும். இவற்றோடு டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெற்றோல் கொன்வேட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். காரை மெதுவாக ஓரங்கட்டி நிறுத்துவதே நல்லது.