ஹூக்ளி வக்பும் கல்விக் கொடையும்: ஒரு சொற்பொருள் வரலாறு

1. முன்னுரை

இசுலாமியச் சமூகங்களில் ஏழைக் குழந்தைகளின் கல்விக்குப் பொருள் வந்து சேரும் வழிகள் மூன்று. அவை ஸகாத், சதகா, வக்பு எனப்படும். தமிழில் இம்மூன்றையும் தருமம், தானம், கொடை ஆகிய சொற்களுள் ஏதேனும் ஒன்றால் பெயர்த்துவிடும் வழக்கம் உண்டு. ஆயின் இவை மூன்றும் வெவ்வேறு சட்ட விளைவுகளை உடையன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. பொருளை யார் பெறுவது என்பதே மாறிவிடும். வங்காளத்தின் ஹூக்ளி நகரில் 1806ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு பாரசீகப் பத்திரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அப்பத்திரம் ஆட்சியாளரின் ஆங்கிலத்திற்குள் புகுந்தபின் அடைந்த பொருள் மாற்றங்களையும் அவற்றால் மாணவர்க்கு நேர்ந்தவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மூன்று சொற்கள்

ஸகாத் என்பது கடமை. குறித்த வரம்புக்கு மேற்பட்டு ஓராண்டு நிலைத்த பொன், வெள்ளி, ரொக்கம், வணிகப் பொருள் ஆகியவற்றில் நாற்பதில் ஒரு பங்கை ஈதல் வேண்டும். அதனைப் பெறத் தக்கவரை எட்டு வகையினராகத் திருக்குர்ஆன் (9:60) வகுக்கிறது. இதன் அரபு வேர் வளர்தல், தூய்மையுறுதல் என்னும் பொருள்களை உடையது. இந்திய மொழிகளில் இச்சொல் வேறு வழியிலும் சென்றுள்ளது. மராத்தியில் ‘ஜகாத்’ என்பது ஊருக்குள் வரும் சரக்கின்மீது விதிக்கப்படும் சுங்கத்தைக் குறித்தது. கொடுத்தே தீரவேண்டும் என்னும் கூறு மட்டும் அங்கு எஞ்சி, தூய்மை என்னும் கூறு மறைந்தது. தமிழில் வழங்கும் ‘ஏழைவரி’ என்னும் பெயர்ப்பிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்துள்ளது.

சதகா என்பது விரும்பி ஈவது. உண்மை என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நீதி, அறம் என்னும் பொருள்களைத் தரும் எபிரேயச் சொல்லான ‘செதாகா’ இதற்கு இனமானது.

வக்பு என்பதன் வேர்ப்பொருள் நிறுத்துதல். ஒரு சொத்தை விற்கவோ, கொடுக்கவோ, மரபுரிமையாகப் பெறவோ இயலாதவாறு நிறுத்தி, அதன் வருவாயை மட்டும் குறித்த செயலுக்குச் செலவிடுவது வக்பு. முதல் அழியாது நிற்க, பயன் மட்டும் ஒழுகும் இவ்வமைப்புத் தமிழருக்குப் புதியதன்று. கோயில் விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனச் சோழர் காலக் கல்வெட்டுகள் சுட்டுவதும் இத்தகைய கருத்தையே ஆகும்.

இவ்வேறுபாடு கல்விக்கு நேரடித் தொடர்புடையது. ஸகாத்துப் பொருள் பெறுவோரின் உடைமையாக அவர் கையில் சேர்தல் வேண்டும் என்பது ஹனபி சட்டமரபின் கொள்கை. இதற்குத் ‘தம்லீக்’ என்று பெயர். எனவே ஏழை மாணவர்க்கு உணவு, உடை, உதவித்தொகை அளிக்க ஸகாத்துப் பயன்படும். பள்ளிக் கட்டடம் எழுப்பவோ ஆசிரியருக்கு ஊதியம் தரவோ பயன்படாது என்று அம்மரபின் அறிஞர் பெரும்பாலோர் கருதினர். அத்தேவைகளுக்குச் சதகாவும் வக்புமே துணை நின்றன. நிலையான கல்வி நிறுவனங்கள் பலவும் வக்பின்மேல் எழுந்தமைக்கு இது ஒரு காரணம்.

3. பத்திரமும் பங்குகளும்

ஹாஜி முகம்மது மொஹ்சின் ஹூக்ளியைச் சார்ந்தவர். தாய் ஒருவராயினும் தந்தை வேறான இவருடைய சகோதரி மன்னுஜான் கானம் 1803இல் மறைந்தபோது, ஜெசூர்ப் பகுதியின் சையத்பூர் முதலிய பெருநிலங்கள் இவரை வந்தடைந்தன. மணமாகாத மொஹ்சின் 1806இல் அவற்றை வக்பாக்கினார். 1812இல் காலமானார்.

அவர் எழுதிய பத்திரம் ‘தவ்லியத்நாமா’ எனப்படும். பொறுப்பளித்தலைக் குறிக்கும் ‘தவ்லியத்’ என்னும் அரபுச் சொல்லும், ஏடு எனப் பொருள்படும் ‘நாமா’ என்னும் பாரசீகச் சொல்லும் இணைந்த தொகை இது. பொறுப்பாளரைக் குறிக்கும் ‘முதவல்லி’ என்பதும் ‘தவ்லியத்’ பிறந்த வேரிலிருந்தே பிறந்தது. பத்திரம் வருவாயை ஒன்பது பங்காக வகுத்தது. மூன்று பங்கு பாத்திஹா ஓதல், முஹர்ரம் சடங்குகள், இமாம்பாரா பராமரிப்பு ஆகியவற்றிற்கு உரியது. நான்கு பங்கு உதவித்தொகைகளுக்கும் பணியாளர் செலவுக்கும், எஞ்சிய இரண்டும் முதவல்லியர் இருவருக்கும் உரியன. கல்லூரிக்கெனத் தனிப்பங்கு எதுவும் இதில் இல்லை என்பது கருதத்தக்கது.

4. ஆங்கிலத்திற்குள் புகுந்த பத்திரம்

முதவல்லியர்மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1810ஆம் ஆண்டின் 19ஆம் ஒழுங்குவிதியைக் கொண்டு தலையிட்டது. பள்ளிவாசல், இந்துக் கோயில், கல்லூரி முதலியவற்றிற்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய் உரியவாறு செலவாகின்றதா எனக் கண்காணிக்க அரசுக்கு உரிமை தந்த விதி அது. வேறுவேறு மரபுகளின் கொடைகள் அனைத்தும் இவ்விதியில் ஒரே ஆட்சிச்சொல்லின்கீழ் வந்தன. சமயச் சார்பானவை, பொதுநலம் பயப்பவை என்னும் இரு அடைமொழிகள் அங்கு ஒருங்கே நின்றன. வக்பு என்னும் சொல்லில் இவ்விரண்டும் பிரிவுபடாதவை. ஆங்கிலத்திலோ ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை விரித்துக்கொள்ள இடமிருந்தது.

நீக்கப்பட்ட முதவல்லியர் தொடுத்த வழக்கு 1835 வரை நீடித்தது. அதற்குள் சேர்ந்திருந்த மிகுதிப்பணம் எட்டு இலட்சம் ரூபாயைக் கடந்தது. பொதுநலம் என்னும் பொருளை விரித்துக்கொண்ட அரசு, இந்நிதியைக் கொண்டு 1836 ஆகஸ்டு முதல் நாளில் ஹூக்ளிக் கல்லூரியைத் திறந்தது. எச்சமயத்தவரும் அங்குப் பயிலலாம். ஆங்கிலப் பிரிவில் சேர்ந்தோருள் முஸ்லிம்கள் மிகச் சிலரே. வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர் அக்கல்லூரியில் பயின்றவர். கல்வி பரவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பத்திரம் எழுதியவரின் சமூகத்து ஏழைச் சிறுவன் அக்கல்லூரியின் வாயிலுக்கு வெளியே நின்றான் என்ற குறை வலுத்து வந்தது.

5. குறையும் திருத்தமும்

கல்கத்தாவில் 1863இல் முகம்மதிய இலக்கியக் கழகத்தை நிறுவிய நவாப் அப்துல் லத்தீப் இக்குறையை அரசின்முன் வைத்தவர்களுள் ஒருவர். டபிள்யூ.டபிள்யூ. ஹண்டர் 1871இல் வெளியிட்ட ‘இந்திய முசல்மான்கள்’ என்னும் நூல், கொடையின் நோக்கம் பிறழ்ந்தது என்று அரசையே சாடியது. 1873இல் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஹூக்ளிக் கல்லூரியின் செலவு மொஹ்சின் நிதியிலிருந்து நீக்கப்பட்டது. அந்நிதி டாக்கா, சிட்டகாங், இராஜ்சாகி ஆகிய ஊர்களின் மதரஸாக்களுக்கும், அரசுப் பள்ளி கல்லூரிகளில் பயிலும் முஸ்லிம் மாணவர்க்கும் உரியதாயிற்று. அம்மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரு பங்கை நிதி ஏற்றது.

இம்முறை விரிந்த சொல் சுருங்கியது. ‘பொதுமக்கள்’ என்னும் பெறுநர் வகை ‘முஸ்லிம் மாணவர்’ என்றாயிற்று. எனினும் ‘ஏழை’ என்னும் அளவுகோல் இதிலும் முதன்மை பெறவில்லை. கட்டணச் சலுகை பள்ளிக்குள் வந்துவிட்டவர்க்கே பயன்படும். பள்ளியை எட்டாத சிறுவரை அது தொடாது.

கொடையைக் குறிக்கும் சொல்லின் எல்லை பின்னரும் வழக்காயிற்று. குடும்பத்தார்க்குப் பயன் தந்து இறுதியில் ஏழைகளைச் சென்றடையும் வக்பில் அறக்கூறு பெயரளவினதே எனப் பிரிவி கவுன்சில் 1894இல் தீர்ப்பளித்தது. ஆங்கிலச் சட்டத்தின் அறக்கொடை என்னும் கருத்து அங்கு அளவுகோலாயிற்று. ஹூக்ளியில் கல்வி பயின்ற சையத் அமீர் அலி இப்போக்கை மறுத்தவருள் தலையாயவர். சொந்தக் குடும்பத்தை ஓம்புதலும் இசுலாமிய மரபில் அறமே என்பது அவர் வாதம். 1913ஆம் ஆண்டின் முசல்மான் வக்பு ஏற்புச் சட்டம் அக்கருத்தை ஏற்றது. வக்பின் நோக்கத்தை விளக்க அச்சட்டத்திற்கு ஆங்கிலத்தில் மூன்று அடைமொழிகள் தேவைப்பட்டன. அவற்றைச் சமயச் சார்பு, இறைப்பற்று, அறம் எனத் தமிழில் தரலாம்.

6. பெறுவோரைக் குறிக்கும் சொற்கள்

திருக்குர்ஆன் கூறும் எட்டு வகையினருள் முதலிருவர் பக்கீர், மிஸ்கீன் என்போர். ‘பக்கீர்’ வறியவரைக் குறித்த சொல். இந்திய மொழிகளில் துறவு பூண்ட இரவலரைக் குறிப்பதாயிற்று. ‘மிஸ்கீன்’ அக்காதிய மொழியிலிருந்து அரமேயம் வழியாக அரபுக்கு வந்து, எசுபானியத்தில் ‘மெஸ்கினோ’ எனவும் பிரெஞ்சில் ‘மெஸ்கின்’ எனவும் கடன் சென்றது. அங்கெல்லாம் அது இழிந்தோன், கருமி என்ற பொருள்களைப் பெற்றது. உதவிக்கு உரியவரைச் சுட்டிய சொற்கள் அவரை இழித்துரைக்கும் சொற்களாக மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

‘யதீம்’ என்பது பருவமெய்தாமுன் தந்தையை இழந்த குழந்தை. தாய் உயிரோடிருப்பினும் அக்குழந்தை யதீமே. தமிழில் ‘அநாதை’ எனப் பெயர்த்தால், ஆதரவே இல்லாதவர் என்னும் பொருள் வந்து, விதவைத் தாயின் மடியில் வளரும் குழந்தை விலக்கப்பட்டுவிடும். உதவித்தொகை விதிகளை மொழிபெயர்ப்போர் இதனை மறத்தலாகாது.

ஹூக்ளியின் பெருங்கொடையிலிருந்து வேறுபட்ட முறை ஒன்று பஞ்சாபில் தோன்றியது. 1884இல் இலாகூரில் அமைந்த அஞ்சுமன் ஹிமாயத்-இ-இசுலாம் என்னும் சங்கம் பள்ளிகளோடு யதீம்கானாவையும் நடத்தியது. இல்லத்தரசியர் சமைக்கும்போது எடுத்துவைத்த ஒரு பிடி மாவைத் திரட்டி விற்பது அதன் தொடக்ககால வருவாய்களுள் ஒன்று. கவிஞர் இக்பால் 1900இல் யதீமின் புலம்பலைப் பொருளாகக் கொண்ட ‘நாலா-ஏ-யதீம்’ என்னும் கவிதையை அச்சங்கத்தின் ஆண்டு விழாவிலேயே படித்தார். பிடி மாவு சதகா வகையைச் சார்ந்தது. அழியாத முதல் அதற்கு இல்லை. நாள்தோறும் புதிதாகத் திரட்டப்பட வேண்டியது. ஆயின் யாருக்காகத் திரட்டப்படுகிறது என்பதைக் கொடுப்பவர் தம் மொழியிலேயே அறிந்திருந்தனர்.

7. முடிவுரை

மொஹ்சினின் பெயர் சின்சுராவிலும் சிட்டகாங்கிலும் கல்லூரிப் பெயர்களாக நிலைத்துள்ளது. அவருடைய கொடை வரலாற்றில் பத்திரத்தின் சொற்கள் மாறவில்லை. அவற்றிற்கு ஆட்சிமொழி தந்த பொருளே 1836இல் ஒருவாறாகவும் 1873இல் வேறாகவும் அமைந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பிரிவு மாணவர் உள்ளே வந்தனர். மற்றொரு பிரிவினர் உதவியை இழந்தனர்.

ஆகவே ஸகாத், சதகா, வக்பு ஆகியவற்றைத் தமிழ் முஸ்லிம்களின் வழக்கையொட்டிக் கடன்சொற்களாகவே ஆண்டு, முதலில் வருமிடத்து விளக்கம் தருதல் நன்று. பொதுச்சொல்லாகக் ‘கொடை’ போதும். ‘அறக்கட்டளை’ என்பதை வக்புக்கு இடுமிடத்து, முதல் மாற்றவொண்ணாதது என்னும் கூறு விடுபடாதவாறு காத்தல் வேண்டும். ‘யதீம்’ என்பதற்குத் ‘தந்தையை இழந்த சிறார்’ எனச் சற்று நீட்டி எழுதுவதே தகும். விதியின் சொல் நீளுவதால் ஏட்டில் ஒரு வரி கூடும். சொல் தவறினால் ஒரு குழந்தையின் படிப்பு நின்றுபோகும்.