அந்தலூசியக் கோழியின் நிறவழக்கு

ஒரே சேவலுக்கும் ஒரே பெட்டைக்கும் பிறந்து, ஒரே அடைகாப்பில் பொரித்த குஞ்சுகள் மூன்று நிறத்தனவாய் நிற்கின்றன. அவற்றுள் ஒரு நிறத்தனவே நற்குலத்தவை, ஏனைய இரு நிறத்தனவும் குலங்கெட்டவை என்று தீர்ப்புக் கூறினர் கோழியழகு பேணிய மேனாட்டார். அரை நூற்றாண்டுக் காலம் ஐயமின்றி வழங்கிய அத்தீர்ப்பை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து அறிஞர் இருவர் தலைகீழாக்கினர்.

இங்கிலாந்தில் சேவற்போரை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. களத்தில் வைத்து மதிக்கப்பெற்ற பறவை, பின்னர்க் கூண்டில் வைத்து மதிக்கப்படலாயிற்று. 1845இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலும், 1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் கோழிக் காட்சிகள் நடைபெற்றன. பரிசு என்று வந்தால் பூசலும் உடன் வரும். நடுவர் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணையே அளவுகோலாகக் கொள்வாராயின் வழக்குத் தீராதன்றோ? ஆதலின், 1865இல் இங்கிலாந்துக் கோழிக் கழகத்தார் காட்சிக் கோழிகளுக்கென ஓர் இலக்கண நூலை வெளியிட்டனர். அதனைத் தொகுத்தவர் டெகெட்மெயர். புறா, கோழி பற்றிய செய்திகளைத் திரட்டுவதில் டார்வினுக்குத் துணைநின்றவர் இவரே. 1873இல் பஃபலோ நகரில் அமெரிக்கக் கோழிச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே அதன் இலக்கண நூலும் வெளிவந்தது.

கொண்டை, காதுமடல், கால், இறகு என ஒவ்வோர் உறுப்புக்கும் இந்நூல்கள் விதி வகுத்தன. ஓர் இனத்திற்கு இன்ன நிறங்களே உரியன என்றும் வரையறுத்தன. பட்டியலில் இல்லாத நிறத்தோடு பிறந்த கோழி எத்துணை வடிவழகு பெற்றிருப்பினும், அவ்வினத்தின் பெயரால் பரிசு பெறல் அரிது. நிறம் கண்ணுக்கு இனியதா என்னும் கேள்வி போய், அது பிறப்புத் தூய்மைக்குச் சான்றாகுமா என்னும் கேள்வி வந்து அமர்ந்தது.

இவ்விதியின் கடுமையை முழுதும் தாங்கியது அந்தலூசியக் கோழி. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியாகிய அந்தலூசியாவின் பெயரைத் தாங்கிய இவ்வினம் மெலிந்த உடலும், பெரிய ஒற்றைக் கொண்டையும், வெண்ணிறக் காதுமடலும் உடையது; வெண்ணிற முட்டை இடுவது. இதற்கு இலக்கண நூல் ஏற்ற நிறம் ஒன்றே ஒன்று: நீலம். நீலம் என்றவுடன் மயிற்கழுத்தை நினைத்துவிடுதல் கூடாது. கோழி வளர்ப்போர் வழக்கில் நீலம் என்பது கற்பலகையின் நிறம். தமிழர் அதனைச் சாம்பல் என்றே சொல்வர். அச்சாம்பல் இறகு ஒவ்வொன்றின் விளிம்பிலும் கருங்கரை ஓடுதல் வேண்டும் என்பது விதி. அமெரிக்கச் சங்கம் 1874ஆம் ஆண்டு நூலிலேயே இந்நீலத்தை ஏற்றுக்கொண்டது.

விதியை எழுதுதல் எளிதாயிற்று; அதன்படி குஞ்சு பொரித்தல் அரிதாயிற்று. குற்றமற்ற நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் இணைத்தாலும், குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதியே நீலமாயின. காற்பங்கு முழுக் கறுப்பு. எஞ்சிய காற்பங்கு, வெண்மையில் ஆங்காங்கே சாம்பல் தெறித்தாற்போன்ற நிறம். வளர்ப்போர் இவற்றைக் கழிவு என்றனர். முன்னோரிடம் கலந்த அயற்குருதி இன்னும் நீங்கவில்லை என்பது அவர்கள் கொண்ட கருத்து. நீலத்தையே பொறுக்கி நீலத்தோடு இணைத்தால் ஒரு நாள் மாசு நீங்கும் என நம்பித் தலைமுறை தலைமுறையாய் முயன்றனர். கணக்கு மட்டும் மாறவில்லை. வழக்கைக் கண்டு இலக்கணம் அமைப்பது மொழிநூலார் முறை. இங்கோ, குஞ்சுகளிற் பாதி விதிக்குப் புறம்பாய்ப் பிறந்த பின்னரும் ஒரு புறனடை எழுத எவரும் முன்வந்திலர்!

மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் வெளியிட்ட விதிகள் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1900இல் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. அவை விலங்குகளுக்கும் பொருந்துமா என்று ஆராயப் புகுந்த வில்லியம் பேட்சன் தேர்ந்தெடுத்தது கோழியைத்தான். 1902இல் இராயல் சங்கத்தின் குழுவுக்கு அளித்த அறிக்கையில், கோழிக் கொண்டையின் வடிவும் மெண்டல் விதிக்கு அடங்குவதை அவர் காட்டினார். பின்னர்ப் பன்னெட் என்பவரும் அவருடன் சேர்ந்துகொண்டார். அந்தலூசியப் புதிரும் அவர்கள் கையில் அவிழ்ந்தது.

ஒவ்வொரு குஞ்சும் நிறக் கூறு ஒன்றைத் தந்தையிடமும் ஒன்றைத் தாயிடமும் பெறுகின்றது. இரண்டும் கறுப்புக்கு உரியனவாயின் குஞ்சு கறுப்பு. இரண்டும் மற்றைய கூறாயின் தெறிப்பு வெள்ளை. ஒன்றும் ஒன்றும் கலந்தால் நீலம். ஆகவே நீலத்திற்கு நீலம் மட்டுமே பிறத்தல் என்றும் இயலாது. தூயவை என்று போற்றப்பட்ட நீலக் கோழிகளே நிறத்தளவில் கலப்புடையவை. கழிவு என்று தள்ளப்பட்ட இரண்டுமே தந்நிறம் மாறாது ஈனும் தூயவை. அஃது மட்டுமன்று. கறுப்பையும் தெறிப்பு வெள்ளையையும் இணைத்தால் பிறக்கும் குஞ்சுகள் அத்தனையும் நீலம்! கழுத்தைத் திருகி எறிந்த குஞ்சுகளே, வளர்ப்போர் தேடித் திரிந்த நிறத்தின் ஊற்றுக்கண்ணாய் இருந்தன.

எனினும் வளர்ப்போரை அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. நடுவர் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை; இறகின் விளிம்பில் ஓடும் கருங்கரையையும் நுணுகி நோக்குவர். முழுக் கறுப்புக் கோழியில் அக்கரை கண்ணுக்குப் புலப்படாது. கரையழகு மிக்க மரபைத் தெரிந்தெடுக்க விரும்புவோன் நீலத்தையே நாடுவதில் காரணம் உண்டு. பாதிக் குஞ்சுகள் போனாலும் போகட்டும் என்று இன்றளவும் நீலத்தோடு நீலத்தை இணைப்போர் இருப்பது இதனாலேயே.

ஆயினும், பட்டியலை வகுத்தது இயற்கையன்று, மாந்தர் கையே என்பதற்கு ஆர்ப்பிங்டன் கோழி சான்று. அவ்வினத்திலும் நீலம் உண்டு. அங்கும் நீல இணைக்குக் கறுப்புக் குஞ்சு பிறக்கும். ஆனால் ஆர்ப்பிங்டனுக்குக் கறுப்பும் உரிய நிறமே என நூல் ஏற்றுள்ளமையால், அக்குஞ்சு வளர்ந்து பரிசுக் கூண்டில் தலை நிமிர்ந்து நிற்கின்றது. அந்தலூசியக் கறுப்புக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அவ்வினத்திற்கு இன்றும் நீலம் ஒன்றே விதி. விவரம் அறிந்த வளர்ப்போர் கறுப்பையும் தெறிப்பு வெள்ளையையும் பின்கட்டுக் கூண்டில் வைத்துப் பேணுகின்றனர். அவற்றின் நீலக் குஞ்சுகள் மட்டும் காட்சிக்குப் புறப்படுகின்றன.