கங்கைகொண்டான் முதல் இணையப் பாடம் வரை: சமூக அறிவியல் ஆய்வுமுறைப் பயிற்சி காக்கப்பட்டதும் கைவிடப்பட்டதும்

சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளரின் கூலியை ஆராயப் புறப்படும் மாணவி முதலில் திணறுவது பட்டியல் இல்லாமல்தான். தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். எந்த வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது என்று எழுதி வைத்தவர் யார்? பட்டியல் இல்லாமல் முறையாக மாதிரி எடுக்க முடியாது. ஆகவே தெருத் தெருவாக நடந்து பட்டியலை அவளே உண்டாக்க வேண்டும். அடுத்து வினாப்பட்டியல். கூலியை நாள் கணக்கில் கேட்பதா, நெய்த துணியின் கணக்கில் கேட்பதா? தார் சுற்றித் தரும் வீட்டுப் பெண்ணின் உழைப்பு யார் பெயரில் ஏறும்? இவற்றுக்கெல்லாம் விடை பயிற்சியில்தான் கிடைக்கும். பல்கலைக்கழகம் திருநெல்வேலிப் பக்கம், ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சென்னையில் பயிலரங்கு என்றால் பொதிகை ரயிலில் ஓர் இரவு. எனவே அவள் கைப்பேசியில் இணையப் பாடத்தைத் தேடுகிறாள். அந்தப் பாடம் நாளையும் அங்கே இருக்குமா என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டில் ஆய்வுமுறைப் பயிற்சி கடந்து வந்த வழியிலேயே விடை தேட முடியும்.

அந்த வழி, சங்கரன்கோவிலும் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 முதல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம், பயிர், கடன், கூலி, சாதி என்று ஊரை வீடு வீடாகக் கேட்டு எழுதும் பழக்கம் வகுப்பறைப் பாடத்தோடு சேர்ந்தது. 1918இல் வெளிவந்த தொகுப்பில் திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி ஆகிய ஊர்கள் உண்டு.

ஸ்லேட்டரின் முயற்சியில் எனக்கு முதன்மையாகப் படுவது அதன் முடிவுகள் அல்ல, அது திரும்பச் செய்யக்கூடியதாக இருந்தது என்பதே. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி போய் மறு ஆய்வு செய்தனர். அது 1940இல் நூலானது. 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் தொடர்ந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் இன்னொரு முறை போனார்கள். என்ன கேட்கப்பட்டது, எந்த ஊரில் கேட்கப்பட்டது என்பது அச்சில் நின்றதாலும், அந்த அச்சு நூலகங்களில் நின்றதாலும்தான் இது நடந்தது. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் முறை மறைந்துபோகவில்லை.

இடைக்காலத்தை விரைவாகக் கடக்கலாம். 1969இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு உருவானது. அது நிதி தந்த ஆய்வுமுறைப் பயிலரங்குகளில் இளம் ஆய்வாளர் பலர் பழகினர். 1971இல் மால்கம் ஆதிசேஷையா சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970 முதல் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் அச்சிட்டது. கல்லூரி மாணவர் பலருக்கு அக்காலத்தில் ஆய்வுமுறையின் முதல் வாசல் எம்.ஃபில். வகுப்பாகவே இருந்தது.

திருப்பம் 2009இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அந்த ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்துக்கு முன் ஆய்வுமுறைப் பாடத்தைக் கட்டாயமாக்கின. ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கவும் சொல்லின. ஒரே ஆவணத்தின் இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நேர்ந்த கதி வேறு வேறு. ஆய்வேடுகளுக்கு இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற மின்களஞ்சியம் நிலையான வீடாகக் கிடைத்தது. பாடங்களுக்கு அப்படி ஒரே வீடு அமையவில்லை. இணையப் பாடத் தளங்களான இ-பிஜி பாடசாலாவில் கொஞ்சம், 2017இல் தொடங்கிய ஸ்வயத்தில் கொஞ்சம், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷில் கொஞ்சம், மீதி துறைகளின் பக்கங்களிலும் ஆசிரியர்களின் தனிக் கணக்குகளிலும். 2022 விதிகளால் எம்.ஃபில். நின்றுபோன பிறகு இந்தச் சிதறலின் மீது விழும் பாரம் இன்னும் கூடிவிட்டது.

இணையப் பாடம் சாகும் விதங்கள் பல. திட்டம் முடிந்து நிதி நின்றதும் சேவையகக் கட்டணம் நிற்கும். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரி மாறும்; கோப்பு இருந்தும் வழி இராது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு முடிந்தது; அதை நம்பிச் செய்த பயிற்சிப் பாடங்கள் திறக்கவே மறுத்தன.

தமிழுக்கு இன்னொரு தனிச் சாவு உண்டு. மாதிரி எடுத்தல் பற்றிய பழைய தமிழ்க் குறிப்பு ஒன்று எனக்குப் பழைய கோப்பாகவே கிடைத்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டியது. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. 'ஆய்வு' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் எம், ஏ, அரைப்புள்ளி, டி என்று நான்கு ஆங்கிலக் குறிகள். பக்கம் முழுக்க அப்படியே. கோப்பு பத்திரமாக இருந்தது, ஆனால் எந்தத் தேடுபொறியிலும் 'ஆய்வு' என்று தேடி அதை எட்ட முடியாது. ஒருங்குறிக்கு மாற்றியபின் நல்ல தமிழில் எழுதப்பட்ட பாடம் வெளியே வந்தது. அதை எழுதிய ஆசிரியரின் உழைப்பை நினைத்து அன்று மனம் கனத்தது.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இலக்கிய நூல்களைப் பழைய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். 2005 முதல் ஈழத்து நூலகம் நிறுவனம் அச்சு ஆவணங்களை மின்வடிவில் காக்கிறது. பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ரீஸ்டோர் களஞ்சியம், நிதி முடிந்த ஆய்வுமுறைத் திட்டங்களின் இணையப் பாடங்களைத் தத்தெடுத்துப் பழுது பார்த்து வைத்தது. நம்மிடம் இலக்கியத்துக்கு இருந்த அந்தப் பரிவு பாடத்துக்கு ஏன் இல்லை? வகுப்புக் குறிப்பை யாரும் படைப்பாக எண்ணாததே காரணம் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. காணொளியோடு அதன் எழுத்துவடிவையும் வைக்க வேண்டும்; சங்கரன்கோவில் மாணவிக்குக் கைப்பேசித் தரவும் மிஞ்சும். படியெடுக்கும் அனுமதியைப் பாடத்திலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் காக்க விரும்புகிறவரும் கைவைக்கத் தயங்குவார். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற வேறோர் இடத்திலும் ஒரு படி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வேட்டோடு அதன் வினாப்பட்டியல், மாதிரி எடுத்த விதம், பழக உதவிய பாடம் மூன்றையும் சேர்த்து ஒப்படைக்க விதி வேண்டும். தறித் தெருக்களில் நடந்து அந்த மாணவி உண்டாக்கும் பட்டியலும் அதில் அடங்கும். தொழிலாளர் பெயர்களை நீக்கிவிட்டு, எந்தத் தெருவில் எத்தனை தறி, எந்த மாதத்தில் எண்ணியது என்ற அளவில்.