புகைபோக்கி காத்த விசுவாசம்

பங்கின் யூபிலி மலரில் புகைபோக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் வியக்கலாம். நம் வீடுகளில் அது அடுக்களைக் கூரைமேல் நிற்கும் ஒரு சிறு கூண்டு. அதற்குமேல் அதைப்பற்றி நாம் நினைப்பதில்லை. ஆனால் குளிர் நாடாகிய இங்கிலாந்தில், ஒரு காலத்தில், செங்கல் புகைபோக்கிகள் குருக்களின் உயிரைக் காத்தன. அவர்கள் வழியாகத் திருப்பலியையும் காத்தன. அவற்றில் எஞ்சியவற்றை இன்று எவ்வாறு பழுதுபார்க்கிறார்கள் என்பதில், பழைய கோவில்களை உடைய நமக்கும் ஒரு பாடம் உண்டு.

மறைந்து வாழ்ந்த குருக்கள்

முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1585-ஆம் ஆண்டு ஒரு கொடிய சட்டம் பிறந்தது. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயர் எவரும் தாய்நாட்டில் கால்வைப்பதே இராசத் துரோகம். அவருக்கு இடம் கொடுப்போருக்கும் மரண தண்டனை. ஆகவே குருக்கள் வேலைக்காரர் போலவும் வணிகர் போலவும் வேடம் பூண்டு, கத்தோலிக்கக் குடும்பங்களின் மாளிகைகளில் மறைந்து வாழ்ந்தனர்.

தேடிவரும் அதிகாரிகள் சுவர்களைத் தட்டிப் பார்ப்பார்கள். அறையின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் அளந்து, கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் கணப்பு அடுப்பும் அதன் புகைவழியும் அமைந்த சுவர் இயல்பாகவே பல அடி கனமுள்ளது. அங்கே கணக்கு இடித்தாலும் ஐயம் எழுவது அரிது. ஆகையால்தான் மறைவிடம் அமைத்தவர்கள் புகைபோக்கியை அடிக்கடி நாடினார்கள்.

அவர்களுள் தலைசிறந்தவர் ஆக்ஸ்போர்டு நகரத் தச்சரின் மகன் நிக்கோலாஸ் ஓவன். இவர் சேசு சபைச் சகோதரர். உருவத்தில் மிகச் சிறியவர். பகலில் பிறர் காணச் சாதாரணத் தச்சு வேலை. இரவில் தனியாகச் சுவரைக் குடைந்து மறைவிடம் அமைக்கும் வேலை. 1606 சனவரியில் ஹிண்ட்லிப் என்னும் மாளிகையைப் பெரும் படை சூழ்ந்தபோது, அவரும் ஒரு தோழரும் பசி தாளாமல் நான்காம் நாள் வெளிவந்து பிடிபட்டனர். அதே இல்லத்தில் கார்னெட், ஓல்ட்கார்ன் என்னும் இரு குருக்கள் ஏறக்குறைய எட்டு நாள் தாங்கினர். காரணம் என்ன? அடுத்த அறையின் புகைபோக்கியிலிருந்து ஒரு நாணற்குழலை நுழைத்து, அதன் வழியே அவர்களுக்குச் சூடான பானங்களை ஊற்றினார்கள். ஓவன் இலண்டன் கோட்டையில் சித்திரவதைப்பட்டு, ஒருவரையும் காட்டிக்கொடாமல் 1606 மார்ச்சில் உயிர்நீத்தார். 1970 அக்டோபர் 25-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புனிதர் நிலைக்கு உயர்த்திய நாற்பது வேதசாட்சிகளுள் இவரும் ஒருவர்.

ஹார்விங்டன் இல்லம்

அந்த ஹிண்ட்லிப் மாளிகை இன்று இல்லை. ஆனால் அதே வூஸ்டர்ஷயர் பகுதியில், அகழி சூழ்ந்த ஹார்விங்டன் இல்லம் இன்றும் நிற்கிறது. 1580-களில் ஹம்ஃப்ரி பாக்கிங்டன் கட்டிய செங்கல் மாளிகை அது. அங்கே ஏழு மறைவிடங்கள் உள்ளன. அவற்றுள் சில ஓவனின் கைவேலை என்று கருதப்படுகின்றன. ஓர் அறையில் போலிக் கணப்பு ஒன்று உண்டு. பார்வைக்கு நெருப்பு எரிந்து கறுத்த அடுப்பு. உண்மையில் அது மேல்மாடத்துக்கு ஏறித் தப்பும் வழி!

பிற்காலத்தில் இவ்வில்லம் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. அதன் பெரிய மாடிப்படிகூடக் கழற்றி வேறோர் இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்டது; இன்று அங்கே நாம் காண்பது நகலே. 1923-ஆம் ஆண்டு ஃபெரிஸ் என்னும் அம்மையார் அதை விலைக்கு வாங்கி, பர்மிங்காம் உயர்மறைமாவட்டத்துக்கு அளித்தார். பழுதுபார்க்கும் பணி அதன் பின்னரே தொடங்கியது.

செங்கல்லுக்குப் பணியும் சாந்து

இத்தகைய இல்லங்களில் முதலில் கெடுவது புகைபோக்கியே. நான்கு பக்கமும் மழையும் காற்றும் உறைபனியும் அதைத் தாக்குகின்றன. உள்ளேயோ கரியும் கந்தகமும் அரிக்கின்றன. அதைக் கட்டிய பழைய செங்கல் மென்மையானது; இணைத்தது சுண்ணாம்புச் சாந்து. உட்புறப் பூச்சில் சுண்ணாம்போடு பசுஞ்சாணமும் சேர்த்தார்கள் என்றால், சாணத்தின் அருமை நமக்கு மட்டுமே தெரிந்ததன்று!

1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெறப்பட்டது. பிற்காலத்தில் பலர், பலம் வேண்டும் என்று, பழைய செங்கல்லின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தனர். விளைவோ நேர்மாறு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்டு விடாது. அடைபட்ட நீர் செங்கல்லில் தங்கி, பனியில் உறைந்து விரிந்து, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடுகிறது. புகையின் கந்தகம் ஈரத்தோடு கலந்து சிமெண்டைத் தாக்கும்போது சாந்து வீங்குகிறது. நனையும் பக்கம் மிகுதியாக வீங்குவதால் புகைபோக்கி மெல்லச் சாய்கிறது.

ஆகவே இன்று அறிந்த கொத்தர்கள் செய்வது இது: இடிக்கு முன் அளவும் படமும் எடுத்து வைக்கிறார்கள். கெட்ட சாந்தைக் கைக்கருவியால், செங்கல்லின் ஓரம் உடையாதபடி, பொறுமையாகச் சுரண்டி எடுக்கிறார்கள். மீண்டும் சுண்ணாம்புச் சாந்தே பூசி, வெயிலும் பனியும் படாதபடி ஈரச் சாக்கால் மூடி வைக்கிறார்கள். உளுத்த கல்லை மட்டும், அதே அளவும் தன்மையும் உள்ள கல்லால் மாற்றுகிறார்கள். நெருப்பு மூட்டாத புகைவழியையும் முற்றாக அடைப்பதில்லை. மழை புகாத மூடியிட்டுக் காற்றோட விடுகிறார்கள். கரி படிந்த சுவரைத் தேய்த்து வெள்ளையடிப்பதும் இல்லை. அந்தக் கரியும் ஒரு சாட்சி அன்றோ? ஹார்விங்டனின் போலிக் கணப்பை எவரேனும் புத்தம் புதிதாக்கியிருந்தால், ஒரு வரலாறே அழிந்திருக்கும்.

சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும் என்பதே இவ்வேலையின் விதி. சாந்து தேய்ந்தால் மறுபடியும் பூசலாம். செங்கல் தேய்ந்தால் திரும்ப வராது. தான் தேய்ந்து பிறரைக் காக்கும் அச்சாந்து, ஓவனின் வாழ்வையே நமக்கு நினைவூட்டுகிறது.

நம் முன்னோரும் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தே பழைய கோவில்களை எழுப்பினர். யூபிலிக்காகக் கோவிலைப் புதுப்பிக்கும்போது, ஈரம் கண்ட சுவரில் உடனே சிமெண்டைப் பூசிவிடுகிறோம்; சில மழைக்காலத்தில் அது பொக்கென்று கழன்று விழுகிறது. கரணையை எடுக்குமுன், முன்னோர் எதைக் கொண்டு கட்டினர் என்று கேட்போமாக. அழகுபடுத்துவது ஒன்று, காப்பாற்றுவது வேறொன்று. நம் பிள்ளைகளின் பிள்ளைகள் கொண்டாடப்போகும் யூபிலிக்கும் அந்தச் சுவர்கள் நிற்கவேண்டுமல்லவா?