பயண வீட்டு வண்டி: ஏற்றியவையும் இறக்கியவையும்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன் சாலையில் ஓடும் வீட்டை அமெரிக்கர்கள் ஆர்வி என்று அழைக்கின்றனர். முதன்முறையாக ஆர்வி வாங்கும் குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி, வீட்டிலிருந்து எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதுதான். இக்கேள்வி மோட்டார் வண்டியைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற குடியேறிகளும் இதற்கு விடை தேடினர். விடை தவறியபோது அவர்கள் உடைமைகளை இழந்தனர்; சில வேளைகளில் உயிரையும் இழந்தனர்.

கூண்டு வண்டியும் பொருட்பட்டியலும்

1840களில் மிசூரி ஆற்றுப் பகுதியிலிருந்து ஆரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் செல்ல ஏறத்தாழ 2,000 மைல் கடக்க வேண்டியிருந்தது. பயணம் நான்கு முதல் ஆறு மாதம் வரை நீடித்தது. துணிக் கூரையிட்ட வண்டியின் உட்பகுதி சுமார் 10 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. அதில் பொருள்களுக்கே இடம் போதாததால் பெரும்பாலோர் வண்டியின் அருகே நடந்தே சென்றனர்.

லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845இல் குடியேறிகளுக்காக ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். ஒருவருக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றிக்கறி, 20 பவுண்டு சர்க்கரை, காப்பியும் உப்பும் தலா 10 பவுண்டு வேண்டும் என்பது அவர் கணக்கு. ஐந்து பேருக்கு இவற்றைக் கூட்டினால் 1,950 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 900 கிலோ ஆகிறது. ஒரு வண்டி தாங்கக்கூடிய பாரத்தில் பெரும்பகுதி உணவிலேயே முடிந்துவிடுகிறது. பாத்திரம், படுக்கை, கருவிகள் எல்லாம் இதற்குமேல்தான்.

விளைவு வழியெங்கும் தெரிந்தது. தங்கம் தேடிப் பெருங்கூட்டம் கிளம்பிய 1849இல், லாரமி கோட்டைப் பகுதியில் இரும்பு அடுப்புகளும் பட்டறைக் கற்களும் பன்றிக்கறிக் குவியல்களும் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பயணிகள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்துள்ளனர்.

ரீட் குடும்பத்தின் வண்டி

1846 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஜேம்ஸ் ரீட் குடும்பம் புறப்பட்டது. நோயுற்றிருந்த மாமியார் சாரா கீஸ் வசதியாகப் பயணம் செய்யவேண்டும் என்பதற்காக ரீட் ஒரு பெரிய வண்டியைச் செய்வித்தார். பக்கவாட்டில் வாசல், வில் வைத்த இருக்கைகள், மேல்தட்டில் படுக்கைகள், கூரை வழியே புகைக்குழாய் செல்லும் சிறு இரும்பு அடுப்பு என அது ஒரு வீடாகவே இருந்தது. மகள் விர்ஜினியா பிற்கால நினைவுக் குறிப்பில் அதை அரண்மனையோடு ஒப்பிட்டுப் பெயரிட்டார்.

யாருக்காக அந்த வண்டி செய்யப்பட்டதோ, அந்த மூதாட்டி மே மாத இறுதியில் கன்சாஸ் பகுதியிலேயே இறந்துபோனார். வண்டி தொடர்ந்து சென்றது. ரீட், டோனர் குடும்பங்கள் அடங்கிய குழு, ஹேஸ்டிங்ஸ் பரிந்துரைத்த குறுக்குவழியைத் தேர்ந்தது. சுமார் 40 மைல் என்று நம்பிய உப்புப் பாலைவனம் உண்மையில் அதைப்போல் இரு மடங்கு நீண்டிருந்தது. தாகத்தால் வெறிகொண்ட காளைகள் சிதறி ஓடின. இழுக்க மாடில்லாத ரீட் குடும்பம் தன் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டது. தாமதமாகச் சியரா நெவாடா மலையை அடைந்த குழு பனியில் சிக்கிக்கொண்டது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர்.

இத்துயரத்துக்கு வண்டியின் கனம் மட்டுமே காரணமன்று. தவறான பாதையும் தாமதமுமே முதன்மைக் காரணங்கள். எனினும் பாலைவனத்தில் அக்குடும்பத்துக்குத் தேவைப்பட்டவை தண்ணீரும் மாடும்தான். இருக்கையும் அடுப்பும் அங்கே உதவவில்லை.

மார்சியின் கையேடு

ராணுவ அதிகாரியான ராண்டால்ஃப் மார்சி, அமெரிக்கப் போர்த்துறையின் ஏற்பாட்டில் 1859இல் ஒரு பயணக் கையேட்டை எழுதினார். 110 நாள் பயணத்துக்கு ஒருவருக்கு 150 பவுண்டு மாவு, 25 பவுண்டு பன்றிக்கறி, 15 பவுண்டு காப்பி, 25 பவுண்டு சர்க்கரை போதும் என்றார். எஞ்சிய இறைச்சிக்கு மாடுகளைக் கூடவே ஓட்டிச் செல்லலாம். தானே நடந்துவரும் உணவு வண்டிக்குச் சுமையாவதில்லை. ஐந்து பேருக்கான உணவுப்பாரம் இவ்வகையில் 1,075 பவுண்டாகக் குறைகிறது.

பொருள்களைக் கட்டும் முறையையும் அவர் விளக்கினார். மாவை இரட்டைக் கித்தான் பைகளில் அடைக்க வேண்டும். வெப்பப் பகுதிகளில் கொழுப்பு உருகாதிருக்கப் பன்றிக்கறியைத் தவிடு நிரப்பிய பெட்டியில் வைக்க வேண்டும். தீக்குச்சிகளைப் புட்டியிலிட்டுத் தக்கையால் இறுக மூட வேண்டும். தகரக் குவளையின் கைப்பிடி தறையப்பட்டிருக்க வேண்டும். மர வாளி வறண்ட காற்றில் சுருங்கி ஒழுகும் என்பதால் தகர வாளியே ஏற்றது. கருவிகளில் கோடரி, கைக்கோடரி, மண்வெட்டி, முளையடிக்கும் கொட்டாப்புளி ஆகியவை அவர் பட்டியலில் இடம்பெற்றன.

குட்நைட்டின் சமையல் வண்டி

எடை ஒருபுறமிருக்க, தேவையான பொருள் உடனே கைக்கு எட்டவும் வேண்டும். 1866இல் டெக்சாஸிலிருந்து நியூ மெக்சிகோவுக்கு மாட்டு மந்தையை ஓட்டிச் செல்லத் திட்டமிட்ட சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்த வண்டியொன்றை உறுதியான மரத்தாலும் இரும்பு அச்சுகளாலும் புதுப்பித்தார். அதன் பின்புறம் பல அறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் கதவை இறக்கி ஒரு காலை முட்டுக்கொடுத்தால் அதுவே சமையல் மேசை. மாவு, காப்பி, அவரை விதை, மருந்து, ஊசி நூல் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இருந்தது.

வண்டியின் பக்கத்தில் இரண்டு நாளுக்குப் போதுமான தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. அடியில் தொங்கவிட்ட மாட்டுத்தோலில் விறகும் காய்ந்த சாணமும் சேகரிக்கப்பட்டன. கருவிப்பெட்டியில் லாடம் அடிக்கும் கருவிகளும் சூட்டுக்கோல்களும் இருந்தன. இரவில் சமையல்காரர் வண்டியின் ஏர்க்காலை வடமீனை நோக்கித் திருப்பி வைப்பார். காலையில் அதுவே திசைகாட்டி.

மோட்டார் காலம்

1910இல் பியர்ஸ் ஆரோ நிறுவனம், பின்னிருக்கை படுக்கையாக மாறும் மகிழுந்தை நியூயார்க் கண்காட்சியில் வைத்தது. 1915இல் ரோலண்ட் காங்க்ளின் குடும்பம் நியூயார்க் மாநிலத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குச் சென்ற பேருந்து 8 டன் எடையும், மின்னாக்கியும், மாடித் தோட்டமும் கொண்டிருந்தது. ரீட் வண்டியின் ஆசை மோட்டாரிலும் தொடர்ந்தது. ஆனால் 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் சங்கம் அமைத்த "தகர டப்பாப் பயணிகள்" சிறு மகிழுந்தும் கூடாரமும் டப்பா உணவுமாக ஊர் சுற்றினர். ஆர்வி பயணத்தைப் பொதுமக்கள் பழக்கமாக்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

இன்றைய நிலை

இன்று அமெரிக்காவில் விற்கப்படும் ஆர்வியில் அது தாங்கும் சரக்கின் எடை ஒட்டுவில்லையில் குறிக்கப்படுகிறது. 40 காலன் தண்ணீரே ஏறத்தாழ 150 கிலோ வரும். அதைக் கழித்துவிட்டுத்தான் சட்டிபானையைக் கணக்கிட வேண்டும். முதல் பயணத்துக்குக் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சக்கரத் தடைக்கட்டை, ஜாக்கி, காற்றழுத்தமானி, ஃபியூஸ், தீயணைப்பான் ஆகியவை முதலில் ஏற வேண்டியவை. தண்ணீர், நெருப்பு, சக்கரம் ஆகிய மூன்றையும் காப்பவை இவை. மார்சியும் குட்நைட்டும் கவனித்தவையும் பெரும்பாலும் இவைதாம். மற்றவற்றை ஓரிரு சிறு பயணங்களுக்குப் பின் சேர்த்துக்கொள்ளலாம். லாரமியில் அடுப்பை இறக்கிவைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.