எக்ஸ்பிடைட்: காலில் கிடக்கும் தளை

"தயவுசெய்து எக்ஸ்பிடைட் செய்யவும்" என்ற வரி இல்லாத அலுவலக மடல் உண்டா? சீக்கிரம் முடி என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கால் இருக்கிறது.

மூலம் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பெஸ்' என்றால் கால். பிற சொற்களோடு சேரும்போது அது 'பெட்' ஆகிவிடும். பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். (நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாதமும் தூரத்துச் சொந்தம்.) 'எக்ஸ்பெதிரே' என்றால் காலைத் தளையிலிருந்து விடுவிப்பது. எதிர்ச்சொல் 'இம்பெதிரே', காலைச் சிக்க வைப்பது. ஆங்கில இம்பீட் அங்கிருந்து வந்தது. நம்ம ஊரில் கல்யாணத்தைக் 'கால்கட்டு' என்பார்களே, ரோமானியனிடம் சொன்னால் சட்டென்று புரிந்திருக்கும்.

ரோமப் படையின் மூட்டை முடிச்சு, பொதி விலங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'இம்பெதிமெந்தா' என்றே பெயர். சுமையை விட்டுவிட்டுச் சண்டைக்குத் தயாராகப் போகிறவன் 'எக்ஸ்பெதிதுஸ்'.

கி.மு. 57இல் ஜூலியஸ் சீசர், இன்றைய பெல்ஜியம் பக்கம் இருந்த நெர்வி இனத்தாரை எதிர்த்துப் போனார். ரோமர்களின் ஒவ்வொரு லீஜியனுக்கும், அதாவது படைப்பிரிவுக்கும், பின்னால் அதனதன் சுமை நீளமாக வரும் என்று நெர்விகளுக்குத் தகவல் கிடைத்திருந்தது. முதல் லீஜியன் வந்ததும் அடித்துவிட்டால், மற்றவை சுமைகளுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. சுமை கண்ணில் பட்டால் பாய வேண்டும், அதுதான் சைகை. ஆனால் எதிரி பக்கத்தில் இருந்ததால் சீசர் வரிசையை மாற்றியிருந்தார். சுமையில்லாத ஆறு லீஜியன்கள் முன்னால், மொத்தப் படையின் சுமையும் அதற்குப் பின்னால், புதிதாகத் திரட்டிய இரண்டு லீஜியன்கள் கடைசியில் காவலுக்கு. சுமை தெரிந்ததும் நெர்விகள் பாய்ந்தார்கள். எதிரே ஆறு லீஜியன்கள்! அப்படியும் சீசர் தப்பிப் பிழைத்ததுதான். பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தை வாங்கிக்கொண்டு அவரே முன்வரிசைக்குப் போக வேண்டியிருந்தது.

வேகத்தைக் கூட்டச் சொல்ல ஆக்ஸிலரேட் தனியாக இருக்கிறது. 'செலெர்', விரைவான, என்பதிலிருந்து வந்தது. என் துறையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். எக்ஸ்பிடைட் என்று ஒரு வேலையைக் குறித்ததும் மூன்று பேரைக் கூடுதலாகப் போடுவார்கள், தினம் இரண்டு மீட்டிங், "ஸ்டேட்டஸ் என்ன?" என்று மணிக்கொரு மடல். அத்தனையும் இம்பெதிமெந்தா. நான் பார்த்தவரை, வேலை பெரும்பாலும் யாரோ ஒருவர் தராத அனுமதிக்காகத்தான் காத்துக் கிடக்கும். அதனால் இப்போதெல்லாம் அப்படி மடல் வந்தால், "எது எங்கே நிற்குது?" என்றுதான் முதலில் பதில் போடுகிறேன்.