காலியா கிடக்கும் கீழ்த்தளம்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வர்ற நம்மாளுங்க பல பேருக்கு ஒரு சந்தேகம் வரும். "இந்த அடுக்குமாடிக்கெல்லாம் கீழ்த்தளத்துல வீடே கட்டாம காலியா விட்டிருக்காங்களே, எவ்வளவு இடம் வீண்?" எனக்கும் வந்தது. தேடிப் படிச்சதில் கிடைத்த கதை இது.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் பெரும் தீ. 4 பேர் பலி. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ல்தான் ஆரம்பித்திருந்தது. ஆனாலும் முதல் மூன்று வருஷத்துக்குள் சுமார் 21,000 வீடுகள் கட்டி முடித்தார்கள்!

வீடு கிடைச்சாச்சு. ஆனால் ஒண்ணு தொலைஞ்சு போச்சு. கம்பத்தில் (தேனிப் பக்கத்துக் கம்பம் இல்லீங்க, மலாய்க் கிராமம் :-)) ஒருத்தர் வீட்டு வேலைக்கு ஊரே கூடும். 'கோத்தோங் ரோயோங்' என்று அதற்குப் பேர். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யாருன்னே தெரியாது. 1964-ல் இனக்கலவரம் பார்த்த ஊர் வேற. சும்மா விட முடியுமா?

அதனால்தான் 1970-களில் கீழ்த்தளத்தைக் காலியா விட்டுக் கட்டுவது வழக்கமானது. இன்னிக்கு மலாய்க் கல்யாணம் நடக்கும் அதே இடத்தில் இன்னொரு நாள் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு நடக்கும். 1978-ல் குடியிருப்பாளர் குழுக்களும் வந்தன.

அப்படியும் 1980-களில் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங் பக்கம் சீனர்கள் என்று தனித்தனியாகச் சேர ஆரம்பித்தார்கள். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அமலுக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒரு புளோக்கில் எந்த இனம் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு. இந்தியர் மற்றும் பிறருக்கு அப்போது 13%, 2010-ல் 15% ஆக்கினார்கள்.

இதுக்கு விலையும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் வீட்டை விற்கணும்னா, சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, விலையும் இறங்கலாம். பெரும்பான்மை இனத்தோட வரம்பு நிரம்பினா நஷ்டம் சிறுபான்மைக்காரருக்கு! ரொம்ப வருஷம் இந்தப் புகார் இருந்தது. அப்படித் தவிக்கும் சிலரிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022-ல்தான் வந்தது.

என்னைக் கேட்டால், உச்சவரம்பு பக்கத்துப் பக்கத்தில் குடிவைக்கும், அவ்வளவுதான். சிநேகிதம் அந்தக் காலி இடத்தில்தான் வளரணும். சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள், பந்து விளையாடித் திட்டு வாங்கும் பசங்க... இதுக்கெல்லாம் சட்டம் போட முடியாது. இடம்தான் விட முடியும்.

அடுத்த தடவை உங்க புளோக் கீழே கல்யாணம் நடந்தா, தலையைக் குனிஞ்சுகிட்டு லிப்ட் பக்கம் ஓடாம, நின்னு ஒரு வாழ்த்து சொல்லிட்டுப் போங்க.